மாடி வீட்டம்மா அரைச்ச பொடி

இல்ல டாக்டர், அதைத் திருகாதீங்க, அது சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இந்த வண்டி ஹீட்டர் அப்படித்தான். முதல்ல மூஞ்சில குளிர் காத்து அடிக்கும், அப்புறம் ஒரு கருகல் வாசனை வரும், அதுக்கப்புறம்தான் சூடு. சீட் பெல்ட் போட்டுக்கிட்டீங்களா? இப்பல்லாம் போடலைன்னா போலீஸ்காரன் நிறுத்தி அபராத டிக்கெட் குடுத்துடறான். சிரமம்லாம் ஒண்ணும் இல்ல, காப்பெல்ல உங்க வீடு எனக்கு வழிதானே. உங்க வண்டியை நினைச்சுக் கவலைப்படாதீங்க. பேட்டரி செத்துப் போன வண்டியை ஸ்கூல் பார்க்கிங் லாட்ல இருந்து எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? நாளைக்கு எங்க வீட்டுக்காரர் கேபிளோட வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துடுவார். ஐயய்யோ, மிஸஸ் பத்மநாபன்லாம் வேண்டாம். நாகலக்ஷ்மின்னே கூப்பிடுங்க.

பொங்கல் நல்லாத்தான் நடந்துச்சு, இல்ல? ஸ்கூல் கஃபெட்டீரியால போய் எலக்ட்ரிக் அடுப்புல பானையை வெச்சு, அது பொங்கறதுக்கு முன்னாடி ஃபயர் அலாரம் கத்தி, எல்லாரும் பட்டுப்புடவையோட வெளிய குளிர்ல போய் நின்னோம் பாருங்க, அதுதான் கூத்து. உங்களுக்கு ஒரு ஸாரி சொல்லணும். சக்கரைப் பொங்கல் நான் கொண்டு வந்ததுதான். முந்திரி தீஞ்சு போச்சு. நீங்க ஒவ்வொண்ணா ஒதுக்கி ப்ளேட் ஓரத்துல வெச்சதைப் பார்த்தேன். பரவால்ல டாக்டர், எனக்கே தெரியும். காலைல நெய்ல முந்திரியைப் போட்டுட்டு ஏதோ யோசனைல நின்னுட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க தோல் டாக்டர்தானே? பார்ட்டில பார்க்கறவங்கல்லாம் கையை நீட்டி இது என்ன அரிப்பு, அது என்ன மருன்னு கேட்டா உங்களுக்கு எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா இது எனக்கு இல்ல. எங்க அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸ்ல ஜோசபின்னு ஒரு பொண்ணு இருக்கா. தூத்துக்குடிக்காரி. அவளுக்காகத்தான் கேக்கறேன்.

இல்ல, அவ தோலுக்கு ஒண்ணும் இல்ல. அவ தோல் மேல ஒரு ஈ உக்காந்தாலும் வழுக்கிடும், அப்படி ஒரு தோல். நல்ல கறுப்பு. கதையே அதுலதான் ஆரம்பிக்குது. இர்விங்ல ஒரு டானிங் சலூன் இருக்கு, லாண்டரிக்குப் பக்கத்துல. பார்த்திருப்பீங்க. சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி, உள்ள கீழயும் மேலயும் ட்யூப் லைட்டு, அதுக்குள்ள படுத்து மூடிக்கிட்டா வெள்ளைத்தோல் பழுப்பாயிடும். நம்ம ஊர்ல வெயில்ல போகாதடி கறுத்துடுவன்னு குடையைக் குடுத்து அனுப்புவாங்க. இங்க என்னடான்னா ஜனவரி மாசத்துல காசு குடுத்து கறுக்கறாங்க. அங்கதான் ஜோசபினுக்கு வேலை. எப்படிக் கிடைச்சதுங்கறீங்க? இவ பக்கத்துல துணி தோய்க்கப் போயிருக்கா. அந்த ஓனர் ஓடி வந்து, ஏம்மா, இந்தக் கலர் உனக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டானாம். பொறந்ததுல இருந்தே இருக்குன்னாளாம். சிரிச்சுட்டு, நாளைக்கே வேலைக்கு வந்துடு, உன்னைப் பார்த்தாலே கஸ்டமர் வருவான்னுட்டானாம்.

சிரிக்கறீங்க. நாங்களும் அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆனா அவ ராத்திரி புருஷன்கிட்ட சொல்லி அழுதாளாம். ஊர்ல மூணு நாலு பேர் பொண்ணு பார்க்க வந்து, கேசரியும் காப்பியும் சாப்பிட்டுட்டு, கலர் கொஞ்சம் கம்மின்னு சொல்லிட்டுப் போனாங்க. உலகத்துல இந்தக் கலரை நல்லா இருக்குன்னு சொன்ன முதல் ஆள் அந்த டெக்ஸாஸ் கிழவன்தான். அதனால அந்த வேலை அவளுக்கு வெறும் சம்பளம் இல்ல டாக்டர். சம்பளமும்தான், இல்லைன்னு சொல்லல. அவ வீட்டுக்காரர் ஐசக் எண்ணெய்க் கம்பெனில இருந்தார். கோடைல லே ஆஃப். இப்ப எண்ணெய் விலை விழுந்ததுல எவன் வேலை குடுக்கறான்? ரெண்டு குழந்தை. வீடு ஓடறதே அவ சம்பளத்துல.

வேலையை அப்படிப் பண்ணுவா. குளிர்காலத்துல இந்த ஊர்ல தோல் எப்படி ஆகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், வறண்டு, சாம்பல் பூத்து, முழங்கால்ல செதில் செதிலா நிக்கும். அப்படியே போய்ப் படுத்தா டான் பிடிக்காதாம். பிடிச்சாலும் திட்டு திட்டா வரும், ரெண்டு நாள்ல உரிஞ்சு போயிடும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம புதுசா வெள்ளையடிச்சா நிக்குமான்னு கேப்பா ஜோசபின். அதனால வர்றவங்களை முதல் நாளே படுக்க விடமாட்டா. போய் ஒரு வாரம் வெதுவெதுன்னு தண்ணில குளி, கொதிக்கற தண்ணி ஆகாது. செத்த தோலைத் தேய்ச்சு எடு. துண்டால ஒத்து, தேய்க்காதே. ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் போடு. தண்ணி நிறைய குடி. செண்ட் அடிச்சுக்கிட்டு வராதே. அப்புறம் வா, நான் படுக்க வெக்கறேன்பா. கண்ணுக்கு அந்தச் சின்ன மூடியைத் தானே வெச்சு விடுவா. பெத்த தாய் மாதிரி. வெள்ளைக்காரிங்க எல்லாரும் ஜோ ஜோன்னு அவகிட்டதான் வருவாங்க.

அதுல ஒருத்தி டெபி. ஸ்கூல் பஸ் ஓட்டறவ. நல்ல மனுஷி. இந்த சம்மர்ல இல்ல, இப்பவே, குளிருக்குத் தப்பிச்சு ஃப்ளோரிடால அக்கா வீட்டுக்குப் போறாளாம், பீச்சுல முதல் நாளே வெந்து போகாம இருக்க இங்கயே கொஞ்சம் டான் ஏத்திக்கிட்டுப் போகலாம்னு வந்தா. ஆனா அவ தோல் ரொம்ப வறண்ட தோல். சலூன்ல விக்கற ஸ்க்ரப் இருக்கு பாருங்க, உள்ள மணல் மாதிரி நறநறன்னு, அது அவளுக்குக் கீறுது, எரியுதுங்கறா. ஜோசபின் பார்த்தா. இதுக்கு நம்ம ஊர் குளியல் பொடிதான் சரின்னு நினைச்சா. எங்க காம்ப்ளெக்ஸ்ல மாடி வீட்டம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வருஷா வருஷம் அரைப்பாங்க. அவங்ககிட்ட போய்க் கேட்டா.

அந்தம்மாவைப் பத்திச் சொல்லணும். பொடின்னா அவங்கதான்னு ஒரு பேரு. பேருன்னா சும்மா இல்ல, அவங்களே பரப்பிக்கிட்ட பேரு. மெட்ராஸ்ல இருந்து யார் வந்தாலும் நாட்டு மருந்துக் கடைல இருந்து ஒரு மூட்டை வந்தாகணும். டாலஸ் ஃபோர்ட் வொர்த்ல பொண்ணு சமைஞ்சாலும், பிள்ளை பொறந்தாலும், கல்யாணம்னாலும், அவங்க டப்பா முன்னாடி போய் நிக்கும். என் பொடி போட்டுக் குளிச்சா பவுடரே வேண்டாம், ஒரு மாசத்துல ரெண்டு சுத்து நிறம் ஏறிடும்னு அடிச்சு விடுவாங்க. யாராவது நல்லா இருக்குன்னு சொல்லிட்டா அன்னிக்குப் பூரா தரைல கால் பாவாது. அப்படி ஒரு ஜம்பம். இப்ப ஒரு வெள்ளைக்காரிக்கு வேணும்னு வந்து கேட்டா சும்மா இருப்பாங்களா? செவக்கறதுக்கு அரைக்கற பொடியைக் கறுக்கறதுக்குக் கேக்கறியேடின்னு சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே மிக்ஸியை எடுத்து வெச்சாச்சு.

இன்னிக்கு வந்திருந்தாங்களாவா? ம். வந்திருந்தாங்க. நீங்க பார்த்திருப்பீங்க. விடுங்க.

ரெண்டு மூணு தடவை டெபி அந்தப் பொடியைத் தேய்ச்சா. தோல் வெண்ணெயா ஆயிடுச்சு, ஜோ, இது மேஜிக்குன்னு சொன்னாளாம். அந்தம்மாவுக்கு ஆள் மூலமா செய்தி வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அவங்க வீட்ல கேசரி. வெள்ளிக்கிழமை டெபி அதைத் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்து பெட்டில படுத்தா. வழக்கமான நேரம்தான். எழுந்து போனப்ப ஒண்ணும் இல்ல, கொஞ்சம் ரோஸ் கலர்ல இருந்தா, அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டே போனா.

ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரில இருந்தா டாக்டர். முதுகு பூரா, தொடை பூரா கொப்புளம். குப்புறத்தான் படுக்க முடியும். ஜோசபின் போய்ப் பார்த்துட்டு வந்தா. படியேறி வந்து, வாசப்படிலயே உக்காந்துட்டா.

ஓனர் என்ன சொன்னான்னா, நீ டைமரை ஒரு திருகு கூடத் திருகிட்டே, அவ ரெண்டு மடங்கு நேரம் உள்ள இருந்துட்டாங்கறான். இல்லவே இல்லைன்னா இவ. மெஷின் சரியாத்தான் இருக்கு, அப்ப உன் கைதான் தப்புன்னுட்டான். வேலையை விட்டு அனுப்பிட்டான். அதோட விட்டா பரவால்ல, டெபி கேஸ் போட்டா நீயும்தான் வந்து பதில் சொல்லணும்னு சொல்லி அனுப்பியிருக்கான். இந்த ஊர்ல இனி எந்த சலூன்ல இவளை எடுப்பாங்க? லைட்டுல ஆளைச் சுட்டவள்னு பேராயிடுச்சே. இப்ப என்ன ஆயிடுச்சுன்னா, அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா. அன்னிக்கு ஃபோன் அடிச்சுது, பேசிக்கிட்டே திருகினேன், ஒருவேளை நான்தான் கூடத் திருகிட்டேனோங்கறா. சோறு இறங்கல. குழந்தை குளிக்கற தண்ணியைக்கூட நாலு தடவை தொட்டுத் தொட்டுப் பார்க்கறா. அதுதான் உங்ககிட்ட கேக்கணும்னு. லைட்டுல அதிக நேரம் இருந்து வெந்தா எப்ப தெரியும் டாக்டர்? அன்னிக்கே தெரிஞ்சுடுமா, இல்ல ரெண்டு நாள் ஆகுமா?

அன்னிக்கு ராத்திரியேவா?

அப்ப ரெண்டு நாள் கழிச்சு வந்தா?

ம். வேற ஏதாவது தடவியிருக்கணும்கறீங்க. அதான். இருங்க, இந்த ட்ரக்குக்காரன் முட்டற மாதிரி வர்றான், அவன் போகட்டும். பாலத்து மேல ஐஸ் இருக்கும்னு ரேடியோல சொன்னான்.

டெபி மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடல. ஜோசபின் அதெல்லாம் முதல்லயே கேட்டுடுவா. பொடியா? பொடில என்ன இருக்கும், எல்லாம் நம்ம வீட்டுச் சாமான்தான். பயத்தம்பருப்பு, காஞ்ச ரோஜா மொட்டு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ. பாலாடைல குழைச்சுப் பூசி, ஊற வெச்சுக் கழுவணும். மஞ்சளா? மஞ்சள் போடல. எப்பவும் கஸ்தூரி மஞ்சள் உண்டு, ஆனா வெள்ளைக்காரி மேல மஞ்சள் பூசினா காமாலை வந்தவ மாதிரி ஆயிடுவாளேன்னு, அந்தம்மா பெரிய புத்திசாலி மாதிரி யோசிச்சு, மஞ்சளை எடுத்துட்டாங்க. எடுத்தா அளவு குறையுதே. அதுக்கு ஈடா இன்னொண்ணைக் கூட அள்ளிப் போட்டாங்க.

அடடா. அதுதானா காப்பெல் எக்ஸிட்? ஸாரி டாக்டர், பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டேன். அடுத்ததுல இறங்கித் திரும்பிடலாம்.

கார்போகரிசி. அதைத்தான் கூடப் போட்டது. குட்டியூண்டு கறுப்பு விதை, ஒரு மாதிரி நெடி அடிக்கும். குளியல் பொடில எல்லாரும்தான் போடறாங்க, ஒரு கைப்பிடி. சொறி சிரங்கு வராம இருக்கும்னு. இதுல ஒரு கைப்பிடி இல்ல. மஞ்சள் போடற இடத்துக்கும் சேர்த்து.

என்ன டாக்டர், உங்களுக்கு அது தெரியுமா?

அப்படியா. உங்க ஆஸ்பத்திரிலயே அதுல இருக்கற சரக்கை வெச்சுத்தான் மருந்தா? வெண்புள்ளிக்காரங்களுக்கா? அதைக் குடுத்துட்டு இதே மாதிரி லைட்டுல நிக்க வெப்பீங்களா? அளவு ஒரு துளி தப்பினா கொப்புளமா. அன்னிக்குத் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிளம்பும்.

அப்ப ஜோசபின் கை தப்பு இல்ல. டைமர் இல்ல. நிச்சயமா இல்லதானே? நிச்சயமாச் சொல்லுங்க டாக்டர், எனக்கு இது வேணும்.

ஸாரி. கண்ணு கலங்குது, ரோடு தெரியல. இப்ப சரியாயிடும்.

அந்தம்மாவுக்குத் தெரியுமாங்கறீங்களா? அன்னிக்கு அரைக்கும்போது தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா ஜோசபின் வந்து வாசப்படில உக்காந்து, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா, அப்புறம்தான் கிளம்புச்சுன்னு சொன்னா பாருங்க, அப்ப அவங்களுக்கு அவங்க சித்தி ஞாபகம் வந்துடுச்சு. புரசைவாக்கத்துல ஒரு சித்தி. கழுத்துல வெண்புள்ளி வந்து, வைத்தியர் கார்போகரிசி எண்ணெய் குடுத்தார். தடவிக்கிட்டு காலை வெயில்ல மொட்டை மாடில கொஞ்ச நேரம் உக்காரணும், அதுக்கு மேல ஆகாதுன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். சித்தி ஒரு நாள் அரிசி காய வெக்கப் போன இடத்துல கண்ணசந்துட்டா. ரெண்டாம் நாள் கழுத்தெல்லாம் கொப்புளம். சின்னப் பொண்ணா அந்தம்மாதான் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தது. அந்த வாசனை மறக்குமா? அவ்வளவும் அந்த நிமிஷத்துல வந்துடுச்சு.

சொல்லியிருக்கலாம். அங்கயே, அந்த வாசப்படிலயே, ஜோசபின், தப்பு உன்னோடது இல்லடி, என் பொடின்னு ஒரு வார்த்தை. சொல்லல. என்ன சொன்னாங்க தெரியுமா? பொடியைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் வாயைத் திறந்துடாதே, ஏதோ மருந்து குடுத்துட்டேன்னு உன்மேலதான் இன்னும் பெருசா வரும்னு சொன்னாங்க. அவ நல்லதுக்குச் சொல்ற மாதிரி. அவளும் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க ஒருத்தர்தான்க்கா என் பக்கம் இருக்கீங்கன்னு அழுதா.

பயம்தான் டாக்டர். கிரீன் கார்டு இன்னும் வரல. லைசென்ஸ் இல்லாம மருந்து குடுத்தாங்கன்னு பிடிச்சுட்டுப் போயிடுவான்னு ஒரு பயம். அதெல்லாம் சாக்கு. பாதி சாக்கு. அந்தம்மாவுக்கு நிஜமாத் தாங்கலை எதுன்னா, நாலு பேர் அந்தப் பொடியான்னு மூஞ்சியைத் திருப்பிக்குவாங்களேங்கறது. ஜோசபினுக்கு வேலை போயிடுச்சு, ஒருத்தி முதுகு வெந்து போச்சு, இவங்களுக்குப் பேரு போயிடுமேன்னு கவலை. எப்படி இருக்கு பாருங்க.

இன்னும் கேளுங்க. ஜோசபின் கத்தோலிக்குக்காரி. போன வாரம் சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும், பஸ்ஸு இல்ல, காரை ஐசக் இன்டர்வியூக்கு எடுத்துட்டுப் போயிட்டார்னு நின்னா. அந்தம்மாதான் ட்ரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனாங்க. இவ உள்ள போய் முட்டி போட்டு, ஃபாதர், என் கவனக்குறைவால ஒரு பொண்ணைச் சுட்டுட்டேன்னு சொல்லி மன்னிப்பு கேட்டிருக்கா. பண்ணாத பாவத்துக்கு. பண்ணவங்க வெளிய கார்ல, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, குளிர் தெரியாம உக்காந்திருந்தாங்க. திரும்பி வந்து கதவைச் சாத்திட்டு, இப்பதான் மனசு கொஞ்சம் லேசா இருக்குக்கான்னு சொன்னா. டாக்டர், அந்த வார்த்தையைக் கேட்டுட்டு ஒரு மனுஷி ஸ்டீயரிங்கைப் பிடிச்சு வண்டி ஓட்டிட்டு வந்திருக்காளே, அவ கை விளங்குமா?

நான் திட்டறேன்னு நினைக்காதீங்க. திட்டணும். யாராவது திட்டணும் இல்ல?

இன்னிக்குக் காலைல என்ன ஆச்சுன்னா, ஜோசபின் ஓடி வந்தா. டெபி ஃபோன் பண்ணியிருக்கா. வீட்டுக்கு வந்துட்டாளாம், கொப்புளம் அமுங்கி தோல் உரியுதாம். ஜோ, உன்மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொன்னாளாம். அந்த மனசு யாருக்கு வரும்? ஃப்ளோரிடா டிக்கெட்டை கேன்சல் பண்ண முடியலையாம், திங்கக்கிழமை கிளம்பறா. தோல் மறுபடி வறண்டு செதிலா இருக்கு, அந்த மேஜிக் பொடி அரை டப்பா மிச்சம் இருக்கு, அதைத் தேய்ச்சுக் குளிச்சுட்டு பீச்சுல கொஞ்சம் உக்காந்தா எல்லாம் ஒரே கலரா ஆயிடும் இல்லன்னு கேட்டாளாம். இவ, ஓ, தேய்ச்சுக்கோ, அது வெறும் பருப்பும் பூவும்தான், ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டா. அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்க சொல்லலையே. அடுப்புல நெய் காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, அவ வாசல்ல நின்னுக்கிட்டு சந்தோஷமா இதைச் சொல்றா. கரண்டியைப் பிடிச்ச கை அப்படியே நின்னு போச்சு.

ஐயோ, கத்தாதீங்க டாக்டர், வழுக்கற ரோடு! தெரியும். நல்லாத் தெரியும். போட்டுக்கிட்டு அந்த வெயில்ல உக்காந்தா இந்தத் தடவை ஆளே தாங்க மாட்டா. அதனாலதானே காலைல இருந்து உங்களைத் தேடினேன். கோலப்போட்டிக்கு ஜட்ஜா நீங்க நிக்கறீங்க, பின்னாடியே சுத்தறேன், பக்கத்துல எப்பவும் யாராவது நாலு பேர். உங்க வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னதும் எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, என்னை மன்னிச்சுடுங்க.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

ஓ. முந்திரியா. ஆமா, அப்பதான் தீஞ்சுது.

டெபி நம்பர் எனக்குத் தெரியாது. ஜோசபின்கிட்டதான் இருக்கு. ஆமா, உங்க எக்ஸிட்டையும், அதுக்கு அடுத்ததையும் தெரிஞ்சுதான் விட்டேன். உங்க வீட்டுக்கு அப்புறமா கண்டிப்பா கொண்டு போய் விடறேன். இங்க லெஃப்ட்ல திரும்பினா எங்க காம்ப்ளெக்ஸ். இந்தத் தபால் பெட்டிக்குப் பக்கத்துல நிறுத்திக்கறேன், உள்ள ஐஸைத் தள்ளவே இல்ல. பார்த்து இறங்குங்க.

அதோ, வாசல்ல கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் கழட்டாம தொங்குது பாருங்க, கீழ் வீடு, அதுதான் ஜோசபின் வீடு. லைட் எரியுது, இருக்கா. அதுக்கு நேர் மேல, ஜன்னல்ல துளசிச் செடி வெச்சிருக்கே, அதுதான் எங்க வீடு. வேற மாடி வீடு இந்தப் பக்கம் கிடையாது.

நீங்க கூட நின்னா போதும் டாக்டர், பேச வேண்டியதை நான் பேசிக்கறேன். ஃபாதர்கிட்ட சொன்னதை அவ திருப்பி வாங்கிக்கலாமான்னு எனக்குத் தெரியல, அதையும் கேக்கணும். பெல் நான் அடிக்கறேன். கதவைத் திறந்ததும் அவ உள்ள வாங்கக்கான்னுதான் சொல்லுவா. அவ அதைச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும். அவ கூப்பிட்டுட்டான்னா என்னால முடியாது.